நாம் கணக்கில் சேர்க்காத தகடு

உன்னைக் கொன்றது மழை இல்லை மச்சான். பம்மல் சாலையில் தோண்டிய பள்ளத்தின்மேல் போட்டிருந்த இரும்புத் தகடு.

இன்று காலை மேசை இழுப்பறையைத் திறந்ததும் ரப்பர் வாடை வந்தது. உன் பைக்கின் பழைய டயரிலிருந்து நாம் வெட்டியெடுத்த துண்டு.

தாம்பரம் கல்லூரியில் நம் ஆராய்ச்சியே அதை வைத்துத்தான். ஈரச் சாலையை டயர் எப்படிப் பிடிக்கிறது என்று கணினியில் கணக்குப் போட வேண்டும். ஜல்லியின் மேடுபள்ளங்களில் ரப்பர் அமுங்குகிறது; உடனே நிமிராமல் சற்றுத் தாமதிக்கிறது. வழுக்காமல் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தத் தாமதம்தான். இடையில் புகும் தண்ணீர் டயரையும் சாலையையும் பிரிக்கப் பார்க்கும்.

"எங்க அத்தா மாதிரி மச்சான். அம்மா ஒரு அதட்டு போட்டா அமுங்கிடுவாரு, நிமிர நேரமாவும்" என்றாய். அன்று முழுக்க அந்தத் துண்டை 'அத்தா' என்றே கூப்பிட்டோம்.

வழவழப்பான பரப்புக்கும் கணக்குப் போடச் சொன்னார் பேராசிரியர். நீ சிரித்தாய். "வழவழன்னு ரோடு எங்க சார் கீது? பம்மல் வந்து பாருங்க, இடுப்பு கழண்டுடும்." அவரும் சிரித்துவிட்டார். சொரசொரப்பான சாலைக்கு மட்டும் கணக்குப் போட்டு முடித்தோம்.

அந்த ஐப்பசியில் வடிகாலுக்குத் தோண்டினார்கள். பள்ளத்தைத் தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். வண்டிகள் ஓடி ஓடி அது கண்ணாடியாகிவிட்டது. முன்னால் ஷேர் ஆட்டோ நின்றது, நீ பிரேக் பிடித்தாய், சக்கரம் தகட்டின்மேல் இருந்தது. பின்னால் பஸ். "மெதுவாத்தாம்பா வந்துகினு இருந்தாரு" என்றார் எதிர்க்கடை அக்கா. பேப்பரில் மழையால் விபத்து என்று போட்டார்கள்.

விட்டுப்போன கணக்கை அதன்பிறகு நான் தனியாகப் போட்டேன். அமுங்க மேடுபள்ளம் இல்லாத இடத்தில் ரப்பரின் தாமதத்தால் பயனில்லை. தண்ணீர் நடுவிலேயே தங்கிவிடுகிறது. பிடிப்பு ஏறக்குறைய இல்லை.

அதிகாரிகள் குடியிருக்கும் தெருவில் தோண்டினால் அதே வாரம் தார் போடுகிறார்கள். பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் போகிறவர்களுக்குத் தகடு. உன்னை வீழ்த்தியது இன்னும் அங்கேயே கிடக்கிறது.

ரப்பர் துண்டை எடுத்துக்கொண்டு சாலை அலுவலகத்துக்குப் போய்ப் பம்மல் தகட்டைப் பற்றிச் சொன்னேன். "மழைல ஸ்லோவா போணும் தம்பி. இந்தக் காலத்துப் பசங்க எங்க கேக்குறாங்க?" என்றார் பொறியாளர். நான் அவருடைய மேசைக் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினேன். துண்டை வைத்து ஒற்றை விரலால் தள்ளினேன். அது வழுக்கிக்கொண்டு போய் அவருடைய டிபன் பாக்ஸில் இடித்து நின்றது.

"இன்னா தம்பி இது?"

"தார் போடுங்க சார். அதுவரைக்கும் தகட்டுமேல குறுக்கக் கம்பியாவது வெல்டிங் பண்ணுங்க. அவ்ளோதான்."

அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். உன் டயர்த் துண்டைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன் மச்சான். அது இனி என்னோடுதான் இருக்கும். வெளியே மறுபடியும் தூறல்.

"எப்ப சார் பண்ணுவீங்க?"