பூமாரி வீட்டுக்குக் கொண்டுபோன தாம்பாளம்

சங்கரன்கோவில்

மகள் சங்கரகோமதிக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நைட் டூட்டி என்றாலும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம்தான், மனசும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் உன் குரலைக் கேட்டதும் அழுதுவிடுவேன், பக்கத்தில் உன் தம்பியும் இருப்பான், அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு, ஆணும் பெண்ணும் மரியாதையாகப் பழகுவதைப் பற்றி ஷிரின் பானு டீச்சர் வாரம் ஒரு வகுப்பு எடுக்கிறார். ஒருத்தி பேசாமல் போனால் அது சம்மதம் இல்லை, வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் கூடப் படிக்கும் பூமாரி அவரிடம் போய், பேச்சிராஜா தினமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வருகிறான், வராதே என்றாலும் கேட்கவில்லை என்று அழுதிருக்கிறாள். ஆமாம், நம்ம பேச்சிராஜாதான், உன் தம்பியேதான். டீச்சர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது ஒத்துக்கொண்டான். எனக்கு உயிரே போய்விட்டது. விஷயம் வெளியே தெரியக்கூடாது, இனிமேல் பின்னால் வராமல் இருந்தால் போதும் என்று அந்தப் பிள்ளை சொன்னதாக டீச்சர் சொன்னார்.

உன் அப்பா கேட்டால்தானே. "பெத்தவங்க நாம நேர்ல போயி ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா, மரியாத தெரியாத ஆளா நாம" என்று குதித்தார். அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், பொறுங்கள் என்றார் டீச்சர். பொறுத்தோமா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிட்டோம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று தாம்பாளத்தில் தேங்காய், பழம், பிச்சிப்பூ எல்லாம் அடுக்கினது நான்தான். அவனுக்குப் புதுச்சட்டை வேறு. தெருவே வாசலில் நின்று பார்த்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பூமாரி தாம்பாளத்தைக் கண்டதும் முகம் வெளிறிப் போனாள். மறுநாள் குழாயடியில் "பூமாரிக்குப் பூ வச்சாச்சாம்லா, பையன் கூடப் படிக்கவனாம்" என்று ஒரே பேச்சு. மானம் போச்சு என்று அவள் அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்தி, சிவகிரியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். தப்புச் செய்தவன் இங்கே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போகிறான். நன்றாகப் படிக்கிற பிள்ளை அங்கே பாத்திரம் தேய்க்கிறாள். அவன் தட்டில் சோறு போடும்போதெல்லாம் எனக்கு அவள் நினைப்புத்தான் வருகிறது.

டீச்சர் சிவகிரிக்கே போய்ப் பேசிப் பார்த்தார். அவள் அப்பா பிடி கொடுக்கவில்லையாம். ஆனாலும் விடமாட்டேன், மறுபடியும் போவேன் என்கிறார் டீச்சர். நான் வந்து காலில் விழட்டுமா என்று இந்தத் தடவை அவளிடமே கேட்டுவரச் சொன்னேன். "அவங்க வர வேண்டாம் டீச்சர், நீங்க மட்டும் வாங்க" என்றாளாம். சிவகிரி பஸ் நம்ம வீட்டு முன்னால்தான் போகிறது. ஒவ்வொரு தடவையும் ஏறிவிடலாமா என்று கால் பதறுகிறது மக்கா. போகவில்லை.

நம்ம கோயில் கோமதியம்மாள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தம்பி உனக்குப் போன் போடுவான், அழுவான். அழட்டும். பரவாயில்லை, விடு என்று மட்டும் சொல்லிவிடாதே. அதைச் சொல்ல வேண்டியவள் நீயும் இல்லை, நானும் இல்லை.

உன் அம்மா,
கனகலட்சுமி