நிதிமான்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வயிறு எரிந்தது. சபைப் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு வந்த தாள்களில் என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்ஸில் இருந்த கண்டக்டரின் சாட்சி இருக்கிறது; கடவுள் தன்னை மாற்றிய கதையை எழுதியிருக்கிறான். சாட்சியாம்! பதினோரு வருடத்துக்கு முன்னால் டிப்போ விசாரணையிலும் ஒரு சாட்சி சொன்னானே. பிரேக் சரியில்லை என்று என் வீட்டுக்காரர் முந்தின நாளே எழுதிக் கொடுத்திருந்த பஸ் அது. சுவரில் மோதியதும் இவன் போய், "டிரைவர் போன்ல பேசிட்டே ஓட்டினாரு" என்றான். இவருக்கு வேலை போயிற்று. அவன் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஆனான்.

இப்போது மனம் திரும்பிவிட்டானாம். அதில் பிழை திருத்த நான்.

மார்ச் 5, புதன்

படித்தேன். குடி, சீட்டாட்டம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். விசாரணையைப் பற்றி மூச்சு விடவில்லை. கடைசி வரி: "விசுவாசத்தினாலே நான் நீதிமானாக்கப்பட்டேன்."

நீதிமான்! அந்த நீதியைக் கேட்டு நாங்கள் எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கினோம்? எங்களுக்குக் கிடைக்காதது பொய் சொன்னவனுக்கு எப்படிக் கிடைத்தது?

மார்ச் 7, வெள்ளி

போதகரிடம் கேட்டேவிட்டேன். பத்திரிகைக்கும் அவர்தான் ஆசிரியர். "நீதி நாம சம்பாதிக்கிறது இல்லம்மா. நல்லவனுக்குத்தான்னா ஒருத்தனுக்கும் கிடைக்காது. கடவுள் தன்னோட நீதியை எடுத்து நமக்குப் போட்டுவிடுறாரு, சட்டை மாதிரி. நம்புறவன் போட்டுக்கிறான்."

"சட்டைக்குள்ள அதே ஆளுதானே இருக்கான்?" என்றேன்.

"நாம எல்லாருமே அப்படித்தான்" என்று சிரித்தார். என்னை எதற்கு அவனோடு சேர்க்கிறார்? நான் யார் குடியைக் கெடுத்தேன்?

மார்ச் 11, செவ்வாய்

எக்ஸ்பிரஸ் டைப் அடித்த தாள் வந்தது. விரல் போகிற வேகத்தைப் பார்த்து நாங்கள் அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் அது. சேர்ந்து மூன்று மாதம்தான், இன்னும் நிரந்தரமில்லை. வேகத்தில் 'நீ'யின் தலையிலிருந்த சுழியை விட்டுவிட்டாள். "விசுவாசத்தினாலே நான் நிதிமானாக்கப்பட்டேன்." நீதிமான் பணக்காரனாகிவிட்டான்! வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

ஒரு சுழிதானே. போகட்டும்.

மார்ச் 12

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்திரிகை கொடுத்தார்கள். ஆராதனை முடிவதற்குள் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு. "நிதிமான் வர்றாரு, வழி விடுங்கப்பா!" என்று வாசலில் ஒருவர். "விசுவாசத்துல எவ்வளவு தேறுச்சு சார்?" என்று இன்னொருவர். அவன் முகம் செத்துப்போயிற்று. பத்திரிகையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாக நடந்தான். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வேண்டும், அவனுக்கு நன்றாக வேண்டும்.

வீட்டில் இவர் பத்திரிகையைப் புரட்டினார். அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

ஏப்ரல் 7, திங்கள்

போதகர் என்னையும் எக்ஸ்பிரஸையும் கூப்பிட்டு விசாரித்தார். "கடைசியா பார்த்தது யாரு?"

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை நான். "நான் திருத்தித்தான் கொடுத்தேன் ஐயா. எக்ஸ்பிரஸ் மாத்தாம விட்டிருக்கா."

திருத்திய தாள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு. எக்ஸ்பிரஸ் கையைப் பிசைந்தபடி, "அக்கா சொன்னா சரியாதான் இருக்கும். நான்தான் கவனிக்கலை போல" என்றாள். சாயங்காலமே அவளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சாப்பாடு இறங்கவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "அன்னைக்கு அவனும் ஒரு வரிதான் சொன்னான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஐயோ. வேற எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? நானும் அவனும் ஒண்ணா? எனக்குக் காரணம் இருந்துச்சு. அவனுக்கும் ஏதாவது ஒரு காரணம் இருந்திருக்கும்ல — ச்சே, அவனுக்குப் போய் நான் ஏன் வக்காலத்து வாங்குறேன்!

ஏப்ரல் 10, வியாழன்

போதகரிடம் போனேன். தெரிந்தே விட்டேன், பழியையும் அவள் மேல் போட்டேன் என்று சொன்னேன். அவளைத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்.

எக்ஸ்பிரஸ் வீட்டுக்கும் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. "உங்களைப் போய் நம்பினேனே அக்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். நியாயம்தான். என் செயலுக்கு என்ன கிடைக்க வேண்டுமோ அது கிடைத்தது. போதகர் நீதி என்று சொன்னது இதுவாக இருக்க முடியாது. இதுமட்டும்தான் நீதி என்றால் எனக்கும் கதியில்லை.

மே 4, ஞாயிறு

இதழில் மூன்று வரி, நானே எழுதியது: "சென்ற இதழில் 'நிதிமான்' என்று வந்தது அச்சுப்பிழை அல்ல. பிழை திருத்துபவர் தெரிந்தே விட்டது. டைப் செய்தவர் மேல் குற்றமில்லை." கீழே என் பெயர். எக்ஸ்பிரஸ் வேலைக்குத் திரும்பிவிட்டாள். நான் நின்றுவிட்டேன்.

என்னைக் கண்டதும் வாசலில் பேச்சு நின்றது. நான் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் பைகளை வைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில்தான் இடம் இருந்தது. அங்கே கண்டக்டர் தனியாக உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அவன் தோளைப் பார்த்தாலே இன்னும் பல்லைக் கடிக்கிறேன்.

பாவ அறிக்கை ஜெபத்துக்கு எழுந்து நின்றோம். "நாங்கள் பாவம் செய்தோம்." இத்தனை வருடமும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் நான். அந்த 'நாங்கள்' என்பதில் என்னைச் சேர்க்காமலே சொல்லியிருக்கிறேன். இன்று நான் சொன்னபோது பக்கத்தில் அவன் குரலும் சேர்ந்து கேட்டது. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் கடைசி வரை சொன்னேன்.