டீக்கடையில் வளர்த்த மரம்

ஓசூர், 15.7.2009

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி சுடலைமுத்துவின் வணக்கம். நான் நலம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா?

அக்கா, உன் மகள் வினிதா இப்போது எங்கள் தொழிற்சாலைக்கே மகாராணி. கரண்டை மிச்சப்படுத்த செல்போனில் ஒரு புரோகிராம் செய்திருக்கிறாள். டீக்குப் போகும்போது மெஷினை நிறுத்திவிட்டுப் பட்டனை அமுக்கினால், திரையில் நம் பேருள்ள மரத்தில் ஓர் இலை துளிர்க்கும். நான் டீக்கடையில் உட்கார்ந்தபடியே அமுக்கித் தள்ளினேன். மூன்றே நாளில் என் மரம் தளி மலைக்கே நிழல் தந்தது!

முதலாளி அதைப் பார்வையிடுவதற்கு முந்தின நாள் பிள்ளை கண்கலங்கி வந்து நின்றாள். "மாமா, நேத்து நீங்க லீவு. அப்புறம் எப்படி நாப்பது தடவ மெஷின நிறுத்துனீங்க? மீட்டர்ல ஒரு யூனிட்கூட கொறையல. நாளைக்கு இதத் தூக்கிக் குப்பையில போட்ருவாங்க."

"அமுக்குற வேலைய எங்கிட்ட ஏன் தாயி குடுத்த? பக்கத்து மெஷின்காரன்கிட்ட குடு. என் இலைய அவன் போடட்டும்."

அன்றே மாற்றினாள். மறுநாள் மீட்டரில் யூனிட் குறைந்ததைப் பார்த்து முதலாளி எல்லா ஷெட்டுக்கும் போடச் சொல்லிவிட்டார். "இது எங்க மாமா யோசனை" என்று வினிதா கூட்டத்தில் சொன்னதும் என் நெஞ்சு விரிந்து, சட்டைப் பொத்தான் கிருஷ்ணகிரியில் போய் விழுந்தது. பக்கத்து மெஷின் மாதேஸ்வரன் அரிச்சந்திரனுக்கு அண்ணன். இப்போது என் மரத்தில் மூன்றே இலை.

இட்லிப் பொடியும் ஒரு மப்ளரும் அனுப்பு. தினமும் தண்ணீர் மோட்டாரை நிறுத்தியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு, உன் பேரிலும் மரம் வளர்க்கிறேன். மோட்டார் போடாத நாளிலும் கொடுக்கலாம். அந்தப் பொய்யை நான் கண்டுகொள்ளமாட்டேன்.

ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது.

உன் தம்பி,
சுடலைமுத்து