சிலைக்கு இரண்டு கால்

வடகரப்பதி
12-2-1973

அன்புத் தம்பி கந்தப்பனுக்கு,

அண்ணன் ரத்தினசாமி எழுதிக்கொண்டது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே ஆடு மாடு உட்பட எல்லோரும் சுகம். நீயும் உயிரோடு இருப்பதை, பூனா ஆஸ்பத்திரியிலிருந்து நீ போட்ட இரண்டு கடிதத்திலும் பார்த்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. உன் கையெழுத்தைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லையடா, யாரும் பார்க்குமுன் மடித்து மடியில் ஒளித்துக்கொண்டேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கடலை பாதிக்குப் பாதி பொக்கு. செவலை மாடு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. என் மகள் நாச்சம்மாளுக்குப் பங்குனியில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. வேலந்தாவளத்தில் பெரிய இடம். நாமெல்லாம் அவர்கள் வாசலில் ஏறவே யோசிப்போம். மாப்பிள்ளையின் அப்பாவே தேடி வந்து, "வீரன் ஊட்டுப் பொண்ணுங்க, எங்களுக்கு வேறென்ன வேணும்?" என்றார்.

வீரன் என்றால் நீதான். போன வருஷம் தை மாதம் தந்தி வந்தது. நீ சண்டையில் காணாமல் போனதாகவும், இறந்துவிட்டதாகக் கருதுவதாகவும் இருந்தது. அழுகிற வீட்டில் கருதுவதையும் கருதாததையும் யார் கவனிக்கிறார்கள்? மூன்று நாள் நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தேன். அது சத்தியம். உடம்பு இல்லாமலே கருமாதி செய்தோம். கமலாத்தாள் தாலியைக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பெண்கள் நாலு பேர் விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்கள். நான்தான் எடுக்கச் சொன்னேன்.

பிறகு ஊர் கூடி, உனக்கும் பட்டாளத்தில் நீ பழக்கிய நாய் டைனாவுக்கும் சிலை வைக்க வேண்டும் என்றது. கோயில்களுக்கு நேர்ச்சைக்கடனாக வைக்கிற உருவாரப் பொம்மைகளைச் செய்கிற குப்பண்ணன்தான் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினான். உன் பங்கு நிலத்தில், ரோட்டை ஒட்டி. நீயும் டைனாவும் நிற்கிற படத்தில் உன் முகம் பொட்டளவே இருந்ததால், நீ பெட்டியில் விட்டுப்போன காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பத்து நாள் நானே அவன் முன்னால் நின்றேன். அண்ணன் தம்பி ஜாடை ஒன்றுதானே என்றான். டைனாவுக்குப் படத்தில் வால் தொங்கிக் கிடந்தது. வீரனுடைய நாய்க்கு வால் தொங்கலாமா என்று மேலே சுருட்டி வைத்துவிட்டான். குண்டு பட்டு விழுந்த உன்மேல் டைனா படுத்து, உயிர் போகும்வரை யாரையும் நெருங்கவிடவில்லை என்று கல்லில் வெட்டியிருக்கிறது.

சிலைக்குக் கண் திறந்த நாளிலிருந்து கூட்டம் குறையவில்லை. நாய் கடித்தவர்கள் வந்து டைனாவுக்குத் தயிர்சோறு வைத்து மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். கிழக்கேயிருந்து வந்த ஒருவன் ஊசி போடாமல் இதையே நம்பி, கார்த்திகையில் குரைத்துக் குரைத்துச் செத்தான். சுத்தமில்லாமல் வந்தான் என்று சொல்லிச் சமாளித்தோம்.

அம்மா மட்டும் அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பதில்லை. "எம்பட சின்னவன் மொகமா இது? பெரியவன் மொகம். இவனுக்குத்தானே எல்லாரும் மாலை போடறீங்க" என்று ஒரு நாள் ஊர் நடுவில் கத்தினாள். அறிவு கலங்கிவிட்டது என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். இப்போது வெளியே விடுவதில்லை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். இடது கால் முழங்காலோடு போய்விட்டது, தனியாக ரயிலேற முடியாது, அண்ணன் வந்து கூட்டிப்போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். சிலைக்கு இரண்டு காலும் இருக்கிறதே தம்பி. டைனா குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடியதாகவும், அதைப் பிடிக்கப் பின்னால் ஓடித்தான் மிதிவெடியில் கால் போய் எதிரியிடம் மாட்டியதாகவும் எழுதியிருக்கிறாய். இதை உன்னை யார் கேட்டார்கள்? பங்குனியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு, ஓடிப்போன நாயையும் பிடிபட்ட உன்னையும் நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நான் வரமாட்டேன். நீயும் வராதே. மீறி வந்தால், யாரோ ஒரு நொண்டி செத்தவன் பேரைச் சொல்லிச் சொத்துக்கு வந்திருக்கிறான் என்று முதலில் நான்தான் சொல்வேன். சிலைக்குப் பக்கத்தில் உன்னை நிறுத்திப் பார்ப்பார்கள். அந்த முகத்துக்கும் உன் முகத்துக்கும் ஒட்டாது. உன்னைத் தெரிந்தவர்கள்கூட இந்த ஒரு வருஷமாக அந்த முகத்தைத்தான் கும்பிடுகிறார்கள்.

கமலாத்தாளிடம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளைச் சேலை கட்டியவளை ஒரு நல்ல காரியத்துக்கும் முன்னால் விடாத ஊர், இவள் கையால் திருநீறு வாங்க வரிசையில் நிற்கிறது. விடிந்ததும் அவளே சிலையைக் கழுவி, அந்தக் காலைத் துடைத்துப் பூ வைக்கிறாள். அவளுக்கு அது போதும்.

நேற்று அவளிடம் ஒரு பொட்டலம் திருநீறு கேட்டேன். "ஆருக்குங்க?" என்றாள். வடக்கே ஆஸ்பத்திரியில் திக்கில்லாமல் கிடக்கிற ஒருத்தனுக்கு என்றேன். ஐயோ பாவம் என்று சிலை முன்னால் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள். அவன் சீக்கிரம் எழுந்து அவன் பெண்டாட்டியிடம் போய்ச் சேர வேண்டும் என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டுதான் மடித்துக் கொடுத்தாள். இதனுடன் வைத்திருக்கிறேன். நெற்றி நிறையப் பூசிக்கொள். இனிமேல் கடிதம் போடாதே. எங்கேயாவது நூறு வயது நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் பேரில் தினமும் விளக்கேற்றும் அண்ணன்,
ரத்தினசாமி