நான் சொல்லாத ‘வேண்டாம்’

ஆண்டவன் துணை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

டாக்டர் சொல்வதை எப்போதும் போனில் தமிழில் சொல்கிற நீ, இன்று ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது எடுக்கவில்லை. இந்த ஊர் பாஷை தெரியாத நானும் தமிழ் தெரியாத டாக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு நர்ஸ் வேறொரு போனை மேசையில் வைத்தாள். அதில் ஒரு பெண், ஆஸ்பத்திரி மொழிபெயர்ப்பாளராம். “அவர் சொல்றதை அப்படியே சொல்வேம்மா, நீங்க சொல்றதையும் அப்படியே சொல்வேன்” என்றாள்.

டாக்டரின் முதல் கேள்வியே, “ஆபரேஷன் வேண்டாம்னு ஏன் சொல்லிட்டீங்க?” என்பதுதான்.

நான் எப்போதடி சொன்னேன்?

மார்பில் இருப்பது புற்றுநோயாம். இப்போதே எடுத்தால் பிழைத்துவிடலாமாம். போன மாதமே சொன்னாராம். அன்று அவர் மூச்சுவிடாமல் பேசினார். நீ “ஒண்ணுமில்லம்மா, கொழுப்புக் கட்டி, மாத்திரையிலேயே கரைஞ்சிடும்” என்று முடித்துவிட்டாய். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா என்று கேட்டதற்கு, “டாக்டருங்க வளவளன்னுதான் பேசுவாங்க” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த மாத்திரை வெறும் வலி மாத்திரையாம்!

அப்பா ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்து வராதது உன் நெஞ்சை அறுக்கிறது. எனக்கு மட்டும் இல்லையா? அதற்காக உன் பயத்தை என் வாயில் வைப்பாயா? பள்ளிக்கூடம் போகாதவள்தான் நான். வீட்டுக் கணக்கு எழுதத்தான் எழுத்தே கற்றேன். செலவைக் குறைத்து எழுதினால் செலவு குறைந்துவிடுமா? தெய்வத்திடம்கூட இத்தனை நாளும் மாத்திரை வேலை செய்யட்டும் என்றல்லவா வேண்டிக்கொண்டிருந்தேன்! அங்கேயும் என்னைத் தப்பாகப் பேச வைத்துவிட்டாய்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். சம்மதம் என்று நானே சொன்னேன். அந்தப் பெண் அதையும் அப்படியே சொன்னாள்.

இனி டாக்டரிடம் எனக்காக நீ பேச வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறது. மகளாக இருக்கத்தான் ஆள் இல்லை. லீவு போட்டுவிட்டுக் கிளம்பி வா. வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டுவேன், வாங்கிக்கொள். என்னை உள்ளே கொண்டுபோகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு நில். அப்போது மட்டும், எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல். நம்புகிறேன்.

தீராத கோபத்துடனும் ஆசியுடனும்,
அம்மா