யாருமே இல்லாத ஆப்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சாவி ஷூ ரேக்குல.

உங்க எலக்ட்ரீஷியன் நண்பர் சாயங்காலம் வர்றாராம். அவர் உங்க நண்பர், ஆனா மெசேஜ் எனக்கு. பழைய மெசேஜ் ஆப் நமக்கு ஆகாது, எல்லாரும் புதுசுக்கு வாங்கன்னு முழங்கிட்டு வெளியேறினீங்க. உங்க ஆளுங்க ஒருத்தரும் பின்னாடி வரலை. மொத்தப் பேரும் என் போனுக்கு வந்துட்டாங்க. நான் என்ன உங்க தபால் பெட்டியா? இனிமே உங்க ஆளுங்க வாசல்ல வந்து கத்தட்டும்.

படுக்கையறை ஃபேன் சத்தம் போடுது, அதையும் பாக்கச் சொல்லுங்க.

பி.கு.: "புது ஆப்ல யாருமே இல்லடா, போன்லேருந்தே அதைத் தூக்கிட்டேன்"னு நேத்து அவர்கிட்ட சொல்லிட்டிருந்தீங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னு அன்னிக்கே அதுல சேர்ந்து, தினமும் உங்களுக்கு எழுதிட்டு உக்காந்திருக்கேன். அப்போ நான் யாரு?