கோடு போட்ட குப்பி

மணவாளக்குறிச்சி
12.8.2013

அன்புள்ள லிஜா அப்பாவுக்கு,

டெல்லி போய்த் திரும்பிவிட்டேன். போனில் பேசினால் அந்த ஒன்றையே கேட்பீர்கள், அதனால்தான் கடிதம்.

சர்க்கரையும் பிரஷரும் இல்லாத என்னைப் போன்றவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று ஆராய, அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டுமாம். அதைக் கேட்கத்தான் சிறுநீரக மருத்துவர் சங்கம் என்னையும் கூட்டிப்போனது. மூன்று டாக்டர்கள் படம் போட்டு விளக்கினார்கள். சுகாதாரத் துறை அதிகாரி கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

டீ வந்தது. நான் பழக்கத்தில் பையிலிருந்த, அளவுக்குக் கோடு போட்ட தண்ணீர்க் குப்பியை எடுத்து, அரை கிளாஸ் தண்ணீரை அவருடைய பூந்தொட்டியில் ஊற்றிவிட்டேன்! அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சார், இன்னைக்கு நான் குடிக்கலாம்னு உள்ள வெள்ளம் மொத்தமும் இந்தக் குப்பிதான். டீ குடிச்சா அந்த அளவு வெள்ளத்தைக் கொட்டிரணும். எனக்கு வந்தது வந்தாச்சு. எம் மவளுக்கு வராம இருக்க வழி கண்டுபிடிக்கச் சொல்லுங்க.”

டாக்டர் மொழிபெயர்த்தார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, முதல் படத்திலிருந்து மறுபடி காட்டச் சொன்னார்.

அங்கேயும் பாதி டீயை மிச்சம் வைத்துவிட்டேன். ஒரே தம்ளரில் பாதி உங்களுக்கு வைத்தே பதினான்கு வருடம் பழகிய கை.

உங்கள் சிறுநீரகத்தில் ஒன்றைத் தருகிறேன் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் போனை வைத்துவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்களுக்குக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

இனி வாங்கவும் பழகுகிறேன். ஊருக்கு வர முதலாளியிடம் லீவு கேளுங்கள்.

உங்கள்,
லிஜா அம்மா